பொட்டும் காலிக் கூடையும்

சாயங்காலம் ஆனால் போதும், பொட்டு கூடையோடு பேசப் போய்விடும்.

பொட்டு ஓர் ஆடு. உடம்பு முழுக்கக் கறுப்பு. நெற்றியில் மட்டும் யாரோ விரலால் தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைப் பொட்டு. கூடை என்றால் கொட்டகை மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய பிரம்புக் கூடை. புதிதாகப் பிறந்த குட்டிகள் பெரிய ஆடுகளின் காலில் மிதிபடாமல் இருக்க, அவற்றை அந்தக் கூடைக்குள் விட்டு மூடுவது அந்த வீட்டு வழக்கம். மேய்ந்துவிட்டு வரும் தாய் ஆடு கூடைக்கு வெளியே நின்று கூப்பிடும். உள்ளேயிருந்து குட்டி பதில் சொல்லும்.

இப்போது கூடைக்குள் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பொட்டு மூக்கைப் பிரம்பு இடுக்கில் வைத்து, "ம்மே" என்று கூப்பிட்டது. இரண்டு காதையும் முன்னால் நீட்டிக்கொண்டு காத்திருந்தது. பிறகு மறுபடியும் கூப்பிட்டது.

"அக்கா, பொட்டு யாரைக் கூப்பிடுது?" என்று தம்பி கேட்டான்.

"குட்டியை."

"உள்ள குட்டி இல்லையே."

"அது நமக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே."

தம்பி கூடையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். "கூடைக்குக் காது கேக்காதா?" என்றான். அவனுக்கு ஐந்து வயது. அந்த வயதில் எதற்கெல்லாம் காது உண்டு, எதற்கெல்லாம் இல்லை என்பதில் கொஞ்சம் குழப்பம் இருக்கும்தானே.

அக்காவை வீட்டில் எல்லோரும் சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்கு இருந்தாள் என்பது அப்பாவின் கணக்கு. இப்போது ஐந்தாம் வகுப்பு. ஆள் வளர்ந்தும் பெயர் வளரவில்லை.

பொட்டு பிறந்த நாளிலிருந்தே சுண்டுவின் பின்னால் சுற்றிய ஆடு. அது முதல்முறை சினையானபோது அப்பா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: "பொட்டு போடுற முதல் குட்டி உனக்குத்தான். அதுக்கு நீ வச்சதுதான் பேரு."

அன்றிலிருந்து சுண்டுவுக்குத் தரையில் கால் பாவவில்லை. தனக்குச் சிறியதாகிப்போன மஞ்சள் ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் வெட்டி எடுத்து வைத்தாள். மழைக்காலத்தில் பிறக்கும் குட்டிக்குக் குளிருமே. ஒரு கையில் நான்கு ஓட்டை போட்டால் குட்டிக்கு அருமையான சட்டை. இரட்டைக் குட்டி பிறந்தாலும் கவலை இல்லை. ஸ்வெட்டருக்கு இரண்டு கை.

ஆனால் குட்டி உயிரில்லாமல்தான் பிறந்தது. அதன் கால்கள் மடிந்தபடியே விறைத்திருந்தன. அப்பா மெதுவாக நீட்டிப் பார்த்தார், முடியவில்லை. பொட்டு பார்க்க வேண்டாம் என்று அந்தக் கூடையால் மூடி வைத்தார். பொட்டு தண்ணீர் குடிக்கப் போனபோது குட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார். அதனால்தான் பொட்டு இன்னும் கூடையைத் தேடிப் போனது.

மஞ்சள் கைகள் இரண்டும் சுண்டுவின் தலையணைக்கு அடியில் கிடந்தன. அவற்றைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். அந்த இடத்தில் ஒரு குட்டியின் வெதுவெதுப்பான வயிறு இருந்திருக்கும்.

அந்தப் பருவத்தில் அழுதது பொட்டு மட்டும் அல்ல. பொட்டுவோடு சேர்த்துக் கட்டியிருந்த மற்ற சினை ஆடுகளுக்கும் அதே கதிதான். நல்ல குட்டி போட்டது ஒரே ஓர் ஆடு. அதன் பெயர் ரவுடி.

பெயரைச் சொன்னாலே குணம் தெரிந்திருக்கும். யார் குனிந்தாலும் பின்னாலிருந்து ஒரு முட்டு வைக்கும். அதன் இரட்டைக் குட்டிகளைக் கூடைக்குள் அடைக்க அப்பா ஒருமுறைதான் முயன்றார். இரண்டும் சேர்ந்து உள்ளிருந்து முட்டிக் கூடையையே நடக்க வைத்துவிட்டன. தாயைப் போலப் பிள்ளை என்று அப்பா கையைக் கழுவிவிட்டார்.

"ரவுடி ராசியான ஆடு. பொட்டுதான் ராசியில்லாதது" என்று அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "முதல் கோணல் முற்றும் கோணல்னு சும்மாவா சொன்னாங்க? சனிக்கிழமை வியாபாரி வர்றார். பொட்டுவைக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

சுண்டுவின் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"அப்பா, அது என்னப்பா பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல கண்ணு. ஆனா ஆடு வளர்க்கிறவன் பாவம் பார்த்துக்கிட்டே இருந்தா முடியுமா? அடுத்த தடவையும் இப்படியே ஆச்சுன்னா?" அப்பாவுக்கும் சொல்லப் பிடிக்கவில்லை என்பது அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது. "இன்னொண்ணு. குட்டிங்க செத்துப் பிறந்ததை யார்கிட்டயும் மூச்சு விடாத. 'அந்த வீட்டு ஆட்டுக்குச் சீக்கு'ன்னு ஒரு வார்த்தை கிளம்பிச்சுன்னா நம்ம வாசல்ல ஒரு ஆள் நிக்க மாட்டான்."

சுண்டு தலையை ஆட்டினாள். ஆனால் மனசு ஆடவில்லை.

மாட்டாஸ்பத்திரி அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சுவர். மறுநாள் பள்ளி விட்டதும் அவள் கால் தானாக அங்கே போய் நின்றது. டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். உயரமான பெண்மணி. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ்.

"டாக்டர், ஒரு சந்தேகம்."

"கேளு."

"ஒரு ஆட்டுக்குக் குட்டி செத்தே பிறந்துச்சு. காலெல்லாம் மடிஞ்சு விறைச்சுப் போயிருந்துச்சு. அது எதனால?"

"யார் வீட்டு ஆடு?"

சுண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஒரு... தெரிஞ்ச ஆடு."

டாக்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இந்த வாரம் இங்க வந்தவங்க எல்லாருமே தெரிஞ்ச ஆடுன்னுதான் சொன்னாங்க. ஒருத்தர் வந்து, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்ச மாடுன்னார். இந்த ஊர்ல யாருக்குமே சொந்தமா ஆடு மாடு கிடையாது போலிருக்கு."

சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு ஒரு விஷயமும் விளங்கியது. அப்பா மறைத்ததைப் போலவே ஊர் முழுக்க எல்லா வீட்டிலும் மறைத்திருக்கிறார்கள்.

"அந்தத் தெரிஞ்ச ஆட்டை நான் வந்து பார்க்கலாமா?"

"அப்பா கோவிச்சுப்பார்."

"நாளைக்கு எல்லா வீட்டுக்கும் போறேன். உங்க வீட்டுக்கு மட்டும் வராம இருந்தாத்தான் ஊரே சந்தேகப்படும்."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் டாக்டர் வந்து நிற்கும்போது அப்பா திகைத்துப்போவதைப் பார்க்க சுண்டுவுக்கு விருப்பம் இல்லை. வீட்டுக்குப் போனதும் நடந்ததைத் தானே சொல்லிவிட்டாள்.

அப்பாவின் முகம் சிவந்தது. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உனக்கு?"

அம்மா பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "டாக்டர்கிட்ட மறைச்சா நோய் மறைஞ்சிடுமா? வரட்டும்."

அப்பா எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அவர் அப்படிப் போனால் சரி என்று அர்த்தம். அதை அவர் வாயால் சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

டாக்டர் காலையிலேயே வந்தார். ஆடுகளின் கழுத்திலிருந்து ஊசியால் கொஞ்சம் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். பொட்டு சாதுவாக நின்றது. ரவுடியைப் பிடிக்க அப்பாவும் அம்மாவும் சேர வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து டாக்டர் பையை மூடக் குனிந்தாரே, அப்போதுதான் ரவுடி தன் வழக்கமான மரியாதையைச் செய்தது.

"பரவாயில்ல," என்று டாக்டர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார், "நல்ல தெம்பா இருக்கு."

பிறகு எல்லோரிடமும் விளக்கினார். இது ஒரு வைரஸ் நோய். பெயர் என்னமோ நீளம். ஆனால் அதைச் சுமந்து வருவது எள்ளைவிடச் சின்னதான ஒரு பொடிப் பூச்சி. நோய் வந்த ஆட்டைக் கடித்துவிட்டு வந்து அடுத்த ஆட்டைக் கடிக்கும். பெரிய ஆட்டுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் சோர்ந்து படுத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அது சினையாக இருந்தால், வயிற்றுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் குட்டியை அந்தக் கிருமி கெடுத்துவிடும். ஆடு, செம்மறி, மாடு எல்லாவற்றுக்கும் வரும்.

"பிள்ளைங்களுக்கு வருமா?" என்று அம்மா தம்பியை இழுத்து அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"மனுஷங்களுக்கு இது வராது. கடிச்சா அரிக்கும், அவ்வளவுதான்."

"இனிமே பொட்டுக்கு எப்படி?" என்றாள் சுண்டு. அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

"ரத்தம் பரிசோதனைக்குப் போயிட்டு வரட்டும். அப்பத்தான் சொல்ல முடியும். அடுத்த வாரம் ஆகும்."

அடுத்த வாரம். வியாபாரி வருவதோ நாளைக்கு.

சுண்டு அன்று சாயங்காலம் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். கொட்டகைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டி எப்போதும் கசியும். அதைச் சுற்றி ஈர மண், பச்சைப் புல், சுவர் மறைப்பு, நல்ல குளிர்ச்சி. சினை ஆடுகளை மாலை நேரம் அங்கேதான் கட்டுவார்கள். மாசமாக இருக்கிறவளுக்கு வீட்டில் நல்ல இடம் கொடுப்பதில்லையா, அதைப் போலத்தான். அந்த இடத்துக்காகவே பொட்டுவை அக்கறையாக முதலில் கொண்டுவந்து கட்டியது சுண்டுதான்.

ரவுடிக்கு அங்கே இடமில்லை. மற்ற ஆடுகளை முட்டுகிறது என்று அதை மட்டும் வாசல் பக்கத்து மேட்டில், வெட்டவெளியில் கட்டியிருந்தார்கள். தண்டனை மாதிரி. அங்கே அடிக்கிற காற்று கொஞ்சநஞ்சம் அல்ல. அம்மா ஒருமுறை அந்த மேட்டில் துணி காயப்போட்டு, அப்பாவின் சட்டையைப் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

தொட்டிக் கசிவில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த தம்பி கையைப் பறபறவென்று சொறிந்தான். "அக்கா, கடிக்குது."

"கொசுவா?"

"கொசுன்னா பாட்டுப் பாடுமே. இது பாடல."

சுண்டு அவன் கையைத் தூக்கிப் பார்த்தாள். சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அதில் ஒன்றின் மேல், தூசி என்று நினைத்தது நகர்ந்தது. அவள் இன்னும் கிட்டே கண்ணைக் கொண்டுபோனாள். தூசிக்கு இறக்கை இருந்தது.

அவள் ஈர மண்ணைப் பார்த்தாள். பிறகு மேட்டைப் பார்த்தாள். அங்கே ரவுடி காற்றில் தாடி பறக்க, ராஜா மாதிரி நின்றுகொண்டிருந்தது. சுண்டு தம்பியை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். பொழுது சாயும் வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். தம்பி ஒருமுறைகூடச் சொறியவில்லை. ரவுடியிடம் மட்டும் ஒரு முட்டு வாங்கினான்.

சனிக்கிழமை வியாபாரி வெயில் தாழ்ந்த பிறகுதான் வந்தார். தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் தொப்பி, வாயில் எப்போதும் ஒரு பேச்சு. பொட்டுவின் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், கயிற்றுக்குக் கையை நீட்டினார்.

பொட்டு அவரைப் பார்க்கவே இல்லை. அது கழுத்தைத் திருப்பிக் கூடையைப் பார்த்து ஒருமுறை கூப்பிட்டது. சுண்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் பேச முடியாது என்று அதை விழுங்கிவிட்டாள்.

"அப்பா, கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு காரியம் செய்யணும். நீங்க ரெண்டு பேரும் தொட்டிகிட்ட கொஞ்ச நேரம் சும்மா நிக்கணும்."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லப்பா. கையை மடிச்சுவிட்டுக்கிட்டு நில்லுங்க. மாமா, நீங்களும்."

"பாப்பா ஆசைப்பட்டுக் கேக்குது, நின்னாத்தான் என்ன? சுகமா குளிர்ச்சியாத்தானே இருக்கு" என்று வியாபாரி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு போய் நின்றார். வேறு வழியில்லாமல் அப்பாவும் போய் நின்றார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. வியாபாரி சந்தைக் கதை ஒன்றை ஆரம்பித்தார். கதை நடுவில் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். அப்பா முழங்கையைச் சொறிந்தார். வியாபாரி ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தார். பிறகு கதை நின்றுபோய், இருவரும் ஏதோ கூத்துக்குப் பழகுகிறவர்கள்போலத் தோளிலும் காலிலும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன எழவுடா இது, கண்ணுக்கே தெரியாம கடிக்குது" என்றார் வியாபாரி.

"இப்ப மேட்டுக்கு வாங்க" என்றாள் சுண்டு.

மேட்டில் காற்று உய்யென்று வீசியது. இருவரும் நின்றார்கள். ஒரு பூச்சிகூட வரவில்லை. வந்தது காற்றுதான், வியாபாரியின் தொப்பியை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போனது. அதைத் துரத்திக்கொண்டு அவர் தெருவில் ஓடினார்.

"அப்பா," என்றாள் சுண்டு, "பொட்டு ராசியில்லாததுன்னா, அதோட தொட்டிகிட்ட நின்ன மத்த ஆடுங்களும் ராசியில்லாததா? ரவுடி ராசியால தப்பிக்கலப்பா. காத்தால தப்பிச்சுது. இவ்வளவு சின்னப் பூச்சி இந்தக் காத்துல எப்படிப் பறக்கும்? நாமதான் நல்ல இடம்னு நினைச்சு, பொட்டுவைப் பூச்சிகிட்டயே கொண்டுபோய்க் கட்டினோம்."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது.

அப்பா முழங்கையில் தடித்திருந்த புள்ளிகளைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கொட்டகை வாசலில் பொட்டு இன்னும் கூடைப் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

மூச்சிரைக்கத் தொப்பியோடு திரும்பி வந்த வியாபாரியிடம், "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும். அதுவரைக்கும் கொடுக்கல" என்றார் அப்பா.

"நீங்க கொடுத்தாலும் நான் இன்னிக்கு இங்க நிக்கிறதா இல்ல" என்று வியாபாரி காலைச் சொறிந்துகொண்டே கிளம்பினார்.

அடுத்த வாரம் டாக்டர் போன் செய்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பொட்டு ரத்தத்துல அந்த நோய் வந்து போன அடையாளம் இருக்கு. அதுக்காகப் பயப்படாதீங்க, அது நல்ல சேதிதான். அதோட உடம்பு இப்ப அந்தக் கிருமியை அடையாளம் தெரிஞ்சு வச்சிருக்கு. மறுபடி வந்தா பெரும்பாலும் உள்ள விடாது. அடுத்த குட்டி நல்லாப் பிறக்க நல்ல வாய்ப்பு இருக்கு."

"அப்ப ரவுடி?" என்றார் அப்பா.

"அதுக்கு நோய் வரவே இல்ல. அதனால அது உடம்புக்கு ஒண்ணும் தெரியாது. இனிமே நீங்க ஜாக்கிரதையாப் பார்க்க வேண்டியது ரவுடியைத்தான். காத்தோட்டமான இடத்துலயே கட்டுங்க. ஈரத்தைக் காய விடுங்க. சாணி புழுக்கை குமிஞ்சு நனைஞ்சு கிடக்கக் கூடாது."

அம்மா போனை வைத்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். "அப்ப, முதல் கோணல்னு நான் சொன்னது..."

"கோணல் ஆட்டுல இல்ல," என்றாள் அம்மா, "உங்க யோசனையிலதான்."

அப்பாவே முதலில் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியின் விரிசலைச் சிமெண்டு பூசி அடைத்தார்கள். ஈர மண்ணை வெட்டிப் போட்டு, அங்கே சரளைக்கல் கொட்டினார்கள். கப்பல் விடும் கடல் காணாமல் போனதில் தம்பிக்குத்தான் வருத்தம். ஆடுகள் எல்லாம் மாலை நேரத்தில் மேட்டுக்குக் குடிபோயின. தன் ராஜ்ஜியத்துக்குள் இத்தனை பேர் வந்ததை ரவுடியால் தாங்கவே முடியவில்லை. முதல் நாள் எல்லோரையும் வரிசையாக முட்டியது. இரண்டாம் நாள் அதற்கே அலுத்துவிட்டது. தொட்டிப் பக்கம் காலியானதும் அம்மா அங்கே துணி காயப்போட ஆரம்பித்தாள். சட்டைகள் வீட்டிலேயே தங்கின.

பருவம் வந்ததும் பொட்டு மறுபடி சினையானது.

ஆட்டுக்குக் குட்டி வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும். கேட்பதற்குக் கொஞ்சம்தான். காத்திருந்து பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். டாக்டர் சொன்னதில் ஒரு சொல் சுண்டுவுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. 'பெரும்பாலும்.' பெரும்பாலும் என்றால் எப்போதும் என்று அர்த்தம் இல்லையே.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் பொட்டுவின் வயிற்றில் காதை வைப்பாள்.

"அப்பா, உள்ள ஏதோ உருளுது."

"அது தின்ன புல்லு உருளுற சத்தம்."

"இப்ப உதைச்சுதுப்பா."

"அதுவும் புல்லுதான்."

அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. சுண்டு அந்தப் பக்கம் போனதும் தானும் குனிந்து காதை வைத்துப் பார்ப்பார். ரவுடி முட்டிய சத்தத்தில் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மாலை நேரங்களில் பொட்டு இன்னும் கூடையிடம் போகத்தான் செய்தது. முன்னைப்போல வெகுநேரம் நிற்பதில்லை. ஒருமுறை கூப்பிடும், கேட்கும், திரும்பிவிடும். அந்த ஒரு கூப்பாடு சுண்டுவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கூடைக்குள்ளே ஒரு குரல் வேண்டும் என்று அவள் மனமும் ஏங்கிக் கிடந்தது. ஒருநாள் யாரும் இல்லாதபோது கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவளே "ம்மே" என்று பதில் சொல்லிப் பார்த்தாள். பொட்டு எட்டிப் பார்த்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புல் தின்னப் போய்விட்டது.

மழை பிடித்திருந்த ஒரு காலை. சுண்டு சீருடை மாட்டி, ஒரு பக்கம் மட்டும் பின்னிய சடையோடு நின்றாள். கொட்டகையிலிருந்து அப்பா கூப்பிட்டார்: "சுண்டு, வா."

அவள் சீப்போடு ஓடினாள்.

வைக்கோலில் ஈரமாக, கறுப்பாக ஒன்று கிடந்தது. பொட்டு அதை நக்கி நக்கித் துடைத்துக்கொண்டிருந்தது. மூச்சு இருந்தது, சின்ன விலா ஏறி இறங்கியது. ஆனால் கால்கள் நான்கும் மடிந்து வயிற்றோடு ஒட்டியிருந்தன.

சுண்டு சீப்பைக் கீழே போட்டாள். போன தடவையும் இப்படித்தானே மடிந்திருந்தன.

"நீயே பாரு" என்றார் அப்பா. அவர் குரலும் சரியாக இல்லை.

அவள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். விரலால் முன்னங்கால் ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தாள். கால் நீண்டது. மடக்கினாள். மடங்கியது. மறுபடி இழுத்தாள், மறுபடி நீண்டது. அடுத்த காலும் அப்படியே. மூன்றாவது காலைத் தொட்டபோது குட்டிக்குப் பொறுமை போய்விட்டது. பிறந்ததிலிருந்து யாரடா இது என் காலோடு விளையாடுவது என்று நினைத்ததோ என்னவோ, நான்காவது காலால் அவள் முகவாயில் நச்சென்று ஓர் உதை விட்டது.

"ஐயோ, வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா ஓடிவந்தாள்.

"ரொம்ப வலிக்குதும்மா" என்றாள் சுண்டு. அவள் சிரித்த சிரிப்பில் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்தது. "நல்லா உதைக்குதும்மா."

பள்ளிக்கூடத்தில் அன்று முகவாயில் என்ன சிவப்பு என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் அவள் சொன்னாள்: "என் குட்டி உதைச்சுது." கேட்காதவர்களிடமும் சொன்னாள். போகும் வழியில் மாட்டாஸ்பத்திரிக்குள் தலையை நீட்டி, "டாக்டர், தெரிஞ்ச ஆடு குட்டி போட்டுடுச்சு" என்று கத்திவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. மஞ்சள் ஸ்வெட்டர் கையை மாட்டிக்கொண்டு, வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு, குட்டி கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு மஞ்சள் கை அதற்குப் படுக்கையாகிவிட்டது. பொட்டு மேட்டில் மேய்ந்துவிட்டுக் கொட்டகைக்குள் வந்தது.

சுண்டுவும் தம்பியும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். பொட்டு வழக்கம்போலக் கூடையிடம் போனது. மூக்கைப் பிரம்பு இடுக்கில் வைத்தது. ஒருமுறை கூப்பிட்டது. இரண்டு காதையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

உள்ளேயிருந்து மெல்லிசாக, தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல் வந்தது. "ம்மே."

தம்பி சுண்டுவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா," என்றான் ரகசியமாக, "கூடைக்குக் காது கேட்டுடுச்சு."